பழைய மென்பொருளிலிருந்து கோஹாவுக்கு: நூலக உறுப்பினர் பதிவுகளை மாற்றுவது எப்படி?

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் நூலகர் கேட்டது இது. பதினைந்து ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்த வணிக மென்பொருளை விட்டு அவர்கள் கோஹா என்ற திறமூல நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறுகிறார்கள். நூற்பட்டியல் ஏற்கெனவே ஏறிவிட்டது. பழைய நிறுவனம் உறுப்பினர் விவரங்களை ஏறக்குறைய ஒன்பதாயிரம் வரிகள் கொண்ட ஓர் எக்செல் கோப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதைச் சிஎஸ்வி வடிவில் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் உரைக் கோப்பாக) சேமித்து, கோஹாவின் உறுப்பினர் இறக்குமதிக் கருவியில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா என்பதே கேள்வி.

கோப்பு ஏறிவிடும், வேலை முடியாது. உறுப்பினர் பதிவு என்பது பெயரும் முகவரியும் மட்டும் அன்று. அந்த மாணவர் கையில் எத்தனை நூல்கள் இருக்கின்றன, எவ்வளவு கட்டணம் பாக்கி, எந்தத் தேதி வரை அவர் உறுப்பினர் என்ற கணக்கு முழுவதும் அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பெயர் பிழையாக ஏறினால் மறுநாளே கண்ணில் படும். கணக்கு பிழையாக ஏறினால், இறுதியாண்டு மாணவர் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்காக ‘நோ டியூஸ்’ கையெழுத்துக் கேட்டு வரும் நாளில்தான் தெரியும். அன்று அதைச் சரிபார்க்கப் பழைய மென்பொருள் இருக்காது. எனவே இறக்குமதிக் கருவியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை முடிவு. இந்த மாற்றத்தை நீங்கள் குறைந்தது இரண்டு முறை செய்வீர்கள்: ஒரு முறை சோதனைக்காக, ஒரு முறை உண்மையாக. இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் பழைய மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும். புதிய உறுப்பினர்கள் சேர்வார்கள், நூல்கள் போய் வரும். ஆகவே கடைசி நாளில் புதிதாக ஒரு கோப்பு எடுக்க வேண்டியிருக்கும். முதல் கோப்பில் எக்செல் கட்டங்களுக்குள் கையால் செய்த திருத்தங்கள் எவையும் அந்தப் புதிய கோப்பில் இரா. நான் உதவப் போன ஒரு நூலகத்தில் இரண்டு பணியாளர்கள் பத்து நாள் உட்கார்ந்து பெயர்களைத் திருத்தியிருந்தார்கள். இறுதிக் கோப்பு வந்தபோது அவ்வளவு உழைப்பும் மீண்டும் தேவைப்பட்டது. அதனால் ஒவ்வொரு திருத்தத்தையும் திரும்ப இயக்கக்கூடிய ஒரு படியாகவே செய்யுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் இருந்தால் சிறு நிரலாக எழுதலாம். இல்லையென்றால் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் போதும்; அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் பதிவாகும், அந்த வரிசையை எடுத்து அடுத்த கோப்பின் மீது அப்படியே இயக்க முடியும். பொது விதிக்கு அடங்காத தனித் திருத்தங்களை, பழைய எண், பழைய மதிப்பு, புதிய மதிப்பு என்று மூன்று நெடுவரிசை கொண்ட தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, நிரல் அதைப் படித்துத் திருத்தும்படி செய்துவிட்டால் ஒரு முறை பட்ட பாடு வீணாகாது.

அடுத்து, எது அட்டை எண் என்பதை முடிவு செய்யுங்கள். பழைய மென்பொருள்களில் ஓர் உறுப்பினருக்கு உள்ளக வரிசை எண், உறுப்பினர் எண், கல்லூரிச் சேர்க்கை எண், பல்கலைக்கழகப் பதிவெண் என மூன்று நான்கு எண்கள் இருப்பது வழக்கம். கோஹா ஒருவரை அட்டை எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. அது இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது. மாணவர் கையிலுள்ள அட்டையில் அச்சிட்ட பார்கோடு எதைச் சொல்கிறதோ அதுவே அட்டை எண்ணாக வேண்டும். ஆனால் பார்கோட்டின் கீழே அச்சாகியிருக்கும் எழுத்துகளை நம்பி இதைத் தீர்மானிக்க வேண்டாம். பல ஆண்டுகளில் வழங்கிய அட்டைகளிலிருந்து இருபது முப்பதை எடுத்து, ஒரு வெற்று நோட்பேடைத் திறந்து வைத்து, ஸ்கேனரால் ஒவ்வொன்றாகப் படித்து, விழும் எண்ணைக் கோப்பிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சில அட்டைகளில் முன்னால் பூச்சியங்கள் கூடுதலாக இருக்கும். சிலவற்றில் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்ந்திருக்கும். கோப்பிலோ எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். அரைமணி நேரத்தில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்ட இடங்களில், திறப்பு நாளன்று கவுன்டரில் பாதி அட்டைகள் ‘உறுப்பினர் இல்லை’ என்று திரும்பியிருக்கின்றன.

இன்னொரு நுட்பம் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகக் கருதும் மென்பொருளில் இரண்டு தனி எண்களாக இருந்தவை, கோஹாவின் தரவுத்தளத்தில் ஒரே எண்ணாகக் கருதப்பட்டு மோதும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, ஓரத்து இடைவெளிகளை நீக்கிய பிறகே இரட்டிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இளங்கலையில் ஓர் எண்ணும் முதுகலையில் வேறோர் எண்ணும் பெற்ற மாணவரும், மாணவராக இருந்து ஆசிரியராகச் சேர்ந்தவரும் இரண்டு பதிவுகளாக இருப்பார்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் வரிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் மனிதக் கண்ணால் பார்த்து இணைக்க வேண்டும். கணினியை இணைக்க விடாதீர்கள். ஒரே நாளில் பிறந்த ஒரே பெயருடைய இருவர் ஒரே கல்லூரியில் இருக்கவும் கூடும்; இரட்டையருக்கு ஒரே முதலெழுத்தும் ஒரே பிறந்த தேதியும்தான் இருக்கும்.

எக்செல் செய்யும் கேடு தனியே சொல்லத் தக்கது. சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்த கணத்திலேயே எண்களின் முன்னுள்ள பூச்சியங்கள் போய்விடும். பன்னிரண்டு இலக்கப் பதிவெண் அறிவியல் குறியீட்டு வடிவில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருங்கிய வடிவமே கோப்பில் எழுதப்பட்டு, பிந்தைய இலக்கங்கள் மீட்க முடியாமல் அழிந்துவிடும். ஆகவே கோப்பை நேரடியாகத் திறக்காமல், எக்செல்லிலேயே உள்ள தரவு இறக்குமதி வழியாக எல்லா நெடுவரிசைகளையும் ‘உரை’ என்று குறித்து உள்ளே கொண்டுவாருங்கள். அதைவிடச் சிறந்தது, பழைய நிறுவனத்திடம் எக்செல் கேட்காமல் தரவுத்தளத்தின் முழு பேக்கப்பையே கேட்பது. உங்கள் நூலகத்தின் தரவு உங்களுடையது. அதை எழுத்து மூலமாகக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். எக்செல்லாகத் தருபவர்கள் பெரும்பாலும் திரையில் தெரியும் அறிக்கையைத்தான் எடுத்துத் தருகிறார்கள். குறிப்புகளும் நிறுத்திவைப்பு விவரங்களும் அதில் வருவதில்லை.

இனிப் பெயர். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் அங்கே பயன்பாட்டுக்கு வந்த கோஹா, குடும்பப் பெயரைக் கட்டாயப் புலமாக, அதாவது நிரப்பியே ஆக வேண்டிய கட்டமாகக் கொண்டது. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. பழைய கோப்பில் அது பெயருக்கு முன், பெயருக்குப் பின், புள்ளியோடு, புள்ளியில்லாமல், இடைவெளி விட்டு, விடாமல் என எல்லா விதத்திலும் கிடக்கும். முதல் இடைவெளியில் வெட்டிப் பிரிக்கும் சூத்திரத்தைப் போட்டால், ‘மு. செல்வி’ என்பவரின் குடும்பப் பெயர் ஒரு பதிவில் ‘மு’ என்றும் ‘செல்வி மு.’ என்று எழுதிய இன்னொரு பதிவில் ‘செல்வி’ என்றும் நிற்கும். பிறகு கவுன்டரில் பெயரைத் தேடுபவர் திண்டாடுவார். நான் பின்பற்றுவதும் உங்களுக்குச் சொல்வதும் இதுதான்: அழைக்கும் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்ப் புலத்தில் வையுங்கள்; முதலெழுத்துகளை முதற்பெயர்ப் புலத்தில் வையுங்கள். கோஹா குடும்பப் பெயரை முன்னால் காட்டுவதால், பட்டியலில் ‘செல்வி, மு.’ என்று வரும். அகர வரிசையும் நாம் எதிர்பார்ப்பது போலவே அமையும். ஓரெழுத்து அல்லது ஈரெழுத்துத் துண்டுகளை முதலெழுத்து என்று கொள்ளும் விதி பெரும்பாலான வரிகளைச் சரியாகப் பிரிக்கும். மிஞ்சுபவற்றை, அதாவது இரு சொற்பெயர்கள், பட்டம் ஒட்டிய பெயர்கள், வடமாநில மாணவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கையால் பார்த்து, முன்சொன்ன தனித் திருத்தப் பட்டியலில் சேருங்கள். சான்றிதழில் உள்ள வடிவம் சிதையக் கூடாது என்றால் அதை ஒரு கூடுதல் பண்புப் புலத்தில் முழுமையாக வைத்துக்கொள்ளலாம். கோஹாவில் இத்தகைய பண்புகளை நாமே வரையறுக்க முடியும்.

தமிழில் பதிவான பெயர்கள் இருந்தால் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறையே குறியேற்றம். தமிழ்நாட்டில் 1999இல் டேம், டேப் குறியேற்றங்கள் அரசின் தரமாக ஏற்கப்பட்டன. 2010 ஜூனில்தான் யூனிகோடும் டேஸ்16உம் தரமாக அறிவிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அலுவலகங்கள் இவற்றையும், திஸ்கி என்ற மற்றொரு குறியேற்றத்தையும், பாமினி போன்ற எழுத்துருக்களையும் கலந்து பயன்படுத்தின. பாமினியில் தட்டச்சான பெயர், தரவுத்தளத்துக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் இருக்கும். எழுத்துரு மாறியவுடன் அது பொருளற்ற கோர்வையாகத் தெரியும். மாற்றி மென்பொருள்கள் பல உள்ளன, ஆனால் ஒரே நெடுவரிசையில் ஆங்கிலப் பெயர்களும் பாமினிப் பெயர்களும் கலந்து கிடந்தால், எந்த வரி எது என்பதைக் கணினி தானாக உறுதியாகச் சொல்ல இயலாது. நெடுவரிசை முழுவதையும் மாற்றியில் கொடுத்தால் ஆங்கிலப் பெயர்கள் குலைந்துவிடும். சொல்லின் நடுவே அரைப்புள்ளி, சாய்கோடு போன்ற குறிகள் வருகின்றனவா என்று பார்த்து முதலில் பிரித்து, மாற்றிய பிறகு தமிழ் அறிந்த ஒருவர் ஒவ்வொரு பெயரையும் வாசித்தே ஆக வேண்டும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’கரம் தட்டியிருப்பதும், ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து இருப்பதும் அப்போதுதான் வெளிப்படும். யூனிகோடிலும் ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவோ பதிவாகியிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இரண்டும் வேறு. எல்லாவற்றையும் ஒரே இயல்பு வடிவுக்குக் கொண்டுவரும் கட்டளை பைத்தானிலேயே இருக்கிறது. கடைசியில் கோப்பை யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள்.

பாலினம், முகவரி, மின்னஞ்சல் முதலியவற்றில் சொல்ல அதிகம் இல்லை. ஒரே கட்டத்தில் சாய்கோடிட்டு எழுதிய இரண்டு கைப்பேசி எண்களைப் பிரித்துவிடுங்கள். உறுப்பினர் வகை, கிளை ஆகியவற்றின் குறியீடுகள் கோஹாவில் முன்கூட்டியே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். பொருந்தாத குறியீடு உள்ள வரியைக் கருவி ஏற்காது. பழைய மென்பொருளில் துறைக்கு ஒரு வகையாக முப்பது நாற்பது வகைகள் இருந்தால், இரவல் விதி எத்தனை விதமோ அத்தனை வகைகளாகக் குறைத்துவிட்டு, துறையைப் பண்புப் புலத்துக்கு மாற்றுங்கள். நெடுவரிசைத் தலைப்புகளை நீங்களே எழுதாமல், இறக்குமதிப் பக்கத்திலேயே கிடைக்கும் மாதிரிக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதிகளில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 03/04/2019 என்பது ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் படிக்கப்படும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2019-04-03 என்று எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. 1899 டிசம்பர் 30 என்று பிறந்த தேதி வந்தால் யாரும் திகைக்க வேண்டாம். அக்செஸ் தரவுத்தளம் பூச்சியத்தைத் தேதியாகக் காட்டினால் அப்படித்தான் வரும், அதை வெற்றாக்கிவிடுங்கள். உறுப்பினர் காலம் முடியும் தேதியை ஒருபோதும் வெற்றாக விடாதீர்கள். அது இல்லாத வரிக்கு, சேர்ந்த தேதியிலிருந்து வகைக்குரிய காலத்தைக் கூட்டிக் கோஹா தானே முடிவுத் தேதியைக் கணக்கிடுகிறது; சேர்ந்த தேதியும் இல்லையென்றால் இன்றைய தேதியையே வைத்துக்கொள்கிறது. அப்படி ஏற்றினால், பத்தாண்டுக்கு முன் படித்து முடித்துப் போன மாணவர்கள் எல்லாரும் இன்று சேர்ந்த புது உறுப்பினர்களாக உயிர்பெற்று நிற்பார்கள்.

அந்தப் பழைய மாணவர்களைக் கொண்டுவரத்தான் வேண்டுமா? நிலுவையும் இரவலும் இல்லாத, காலம் முடிந்த பதிவுகளைக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் கருத்து. ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று எல்லாவற்றையும் ஏற்றுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அவை தேடலைக் கெடுக்கும், இரட்டிப்பைப் பெருக்கும், தேவையில்லாத தனிநபர் விவரங்களைக் காக்கும் பொறுப்பையும் நம் தலையில் வைக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சேகரித்த நோக்கம் முடிந்தபின் விவரங்களை நீக்கும் கடமையைப் பேசுகிறது. சேர்க்கை விண்ணப்பத்திலிருந்து அப்படியே வந்து ஒட்டிக்கொண்ட ஆதார் எண், சாதி, குடும்ப வருமானம் போன்ற நெடுவரிசைகள் நூல் கொடுப்பதற்குத் தேவையற்றவை; முதற்படியிலேயே அவற்றை வெட்டிவிடுங்கள். யார் எந்த நூலை வாசித்தார் என்ற முழு வரலாறும் அப்படித்தான். நூல்வாரியான எண்ணிக்கை வேண்டுமென்றால், பெயரை நீக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்து வையுங்கள். ஒருவர் வாசித்தவற்றின் பட்டியல் அவருடைய மனத்தின் ஒரு பகுதி. அதைத் தேவையில்லாமல் அடுத்த தலைமுறை மென்பொருளுக்குக் கடத்தும் உரிமை நமக்கு இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடவுச்சொற்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய மென்பொருளில் குறியாக்கம் செய்து வைத்த கடவுச்சொல்லைக் கோஹாவின் இறக்குமதியில் கொடுக்க முடியாது. கருவி எழுத்து வடிவில் எதிர்பார்த்து, தானே பிகிரிப்ட் என்ற குறியாக்க முறையில் மாற்றிச் சேமிக்கிறது. அதற்காக எல்லாருக்கும் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வகுப்பில் ஒருவர் பிறந்த தேதி மற்ற அறுபது பேருக்கும் தெரியும். கடவுச்சொல் புலத்தை விட்டுவிட்டு, மின்னஞ்சல் வழியே மீட்டமைக்கும் வசதியைத் திறந்து வையுங்கள். பயனர் பெயரை நாம் கொடுக்காவிட்டால் கோஹா பெயரிலிருந்து ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அட்டை எண்ணையே பயனர் பெயராகக் கொடுத்துவிடுவது நல்லது.

உறுப்பினர்கள் ஏறிய பிறகு இரவலும் நிலுவையும் வரும்; அவை அட்டை எண்ணையும் நூலின் பார்கோட்டையும் வைத்தே இணையும். ஆகவே இரவல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலும் கோஹாவில் இருக்கிறதா என்று முதலில் பொருத்திப் பாருங்கள். இணைப்பு இல்லாதபோது நடந்த இரவல்களைப் பதிந்து பின்னர் ஏற்ற உதவும் ஆஃப்லைன் சுழற்சிக் கோப்பு வழியாக இரவலை ஏற்றும் முறை ஒன்று உண்டு. அதில் திருப்ப வேண்டிய தேதியைக் கோஹா புதிய விதிப்படி தானே கணக்கிடும் என்பதால், மாணவர் அட்டையில் முத்திரையிட்ட தேதியிலிருந்து அது மாறுபடலாம். சில நூறு இரவல்கள்தான் என்றால், திருப்பும் தேதியைக் குறிப்பிட அனுமதிக்கும் அமைப்பை இயக்கி, இரண்டு பேர் ஒரு நாளில் கையாலேயே பதிந்துவிடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால், கோஹாவின் சொந்த இரவல் செயற்கூறை (இரவலைப் பதியும் நிரல் பகுதியை) அழைத்து, கொடுத்த தேதியையும் திருப்பும் தேதியையும் தரும் சிறு நிரல் எழுதுங்கள். தரவுத்தள அட்டவணையில் நேரடியாக வரிகளைச் செருகுவது ஆபத்தானது. நூல் வெளியே இருக்கும் குறிப்பு நூலின் பதிவில் ஏறாமல் போய், தேடுபவருக்கு அது அலமாரியில் இருப்பதாகக் காட்டக்கூடும்.

தாமதக் கட்டணத்தில் இரட்டைக் கணக்கு விழுவதுதான் நான் அதிகம் கண்ட பிழை. திரும்பி வந்துவிட்ட நூலுக்கான பாக்கியும், இன்னும் வெளியே இருக்கும் நூலுக்கு நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும் தொகையும் பழைய அறிக்கையில் ஒரே நெடுவரிசையில் கூட்டப்பட்டிருக்கும். இரண்டாவதை நாம் நிலுவையாக ஏற்றினால், கோஹாவும் அதே நூலுக்குப் பழைய திருப்பும் தேதியிலிருந்து மறுபடி கணக்கிட்டு இன்னொரு தொகையைச் சேர்க்கும். மாணவர் ஒரே தாமதத்துக்கு இருமுறை கட்டணம் செலுத்துவார். ஆகவே முடிந்துபோன பாக்கியை மட்டும் ‘பழைய நிலுவை’ என்ற தனி வகையில், நூலின் பெயரையும் பழைய தேதியையும் குறிப்பாக எழுதி ஏற்றுங்கள். வெளியே இருக்கும் நூல்களுக்குக் கோஹா கணக்கிடட்டும். நாளொன்றுக்கான கட்டணத்தை இந்த மாற்றத்தோடு சேர்த்து உயர்த்தவும் வேண்டாம். புதிய வீதம் பழைய நாட்களுக்கும் பொருந்திவிடும்.

ஏற்றுவதற்கு முன், சர்வரில் தானாக இயங்கும் தாமத அறிவிப்பு, கட்டணக் கணக்கீடு, மின்னஞ்சல் அனுப்பும் வேலைகள் அனைத்தையும் நிறுத்திவையுங்கள். இறக்குமதிப் பக்கத்தில் வரவேற்பு மடல் அனுப்பும் தெரிவு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சோதனை நகலிலேயே இவை ஓடி, பெற்றோருக்கு நள்ளிரவில் தாமத அறிவிப்புகள் போன இடங்கள் உண்டு. இறுதி மாற்றத்தைப் பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் இரவலை நிறுத்தி, அவசரத்துக்குப் பதிவேட்டில் கையால் எழுதிக்கொள்ளலாம்.

சரிபார்க்கும்போது கோஹா தரும் எண்ணிக்கையோடு நிற்க வேண்டாம். பழைய மொத்தம் என்பது, ஏறியவை, இணைத்தவை, விட்டவை ஆகிய மூன்றின் கூட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். விட்ட ஒவ்வொரு பதிவுக்கும் காரணம் பட்டியலில் இருக்க வேண்டும். இரவல் எண்ணிக்கையும் நிலுவைத் தொகையின் மொத்தமும் ரூபாய் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். பிறகு, தேர்ந்தெடுக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது பேரையும், சிக்கலானவர் என்று நமக்கே தெரிந்த முப்பது பேரையும் எடுத்து, அதாவது இணைக்கப்பட்டவர், பாமினியில் பெயர் இருந்தவர், நூல் தொலைத்தவர், நிறுத்திவைக்கப்பட்டவர் ஆகியோரை எடுத்து, பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்துப் புலம் புலமாக ஒப்பிடுங்கள். கவுன்டரில் நாள்தோறும் உட்காரும் பணியாளரே இதைச் செய்யட்டும்; எந்த மாணவருக்கு என்ன கணக்கு என்பது அவருக்கு நினைவிலேயே இருக்கும், நம் நிரல் தவறவிட்டதை அவர் பிடிப்பார்.

இவையெல்லாம் முடிந்த மாலையில் நிலுவைப் பட்டியலைப் பழைய மென்பொருளிலிருந்து அச்சிட்டு, நூலகரும் அலுவலகக் கண்காணிப்பாளரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு வையுங்கள். பழைய தரவுத்தளத்தை யாரும் திருத்த முடியாத, படிக்க மட்டும் இயலும் நகலாக ஒரு கணினியில் பூட்டி, இன்று உங்கள் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவர்கள் ‘நோ டியூஸ்’ பெற்று வெளியேறும் வரை வைத்திருங்கள். அதன் பிறகு அதையும் அழித்துவிடலாம்.